மூடி மூடியாகக் கொடுத்த டானிக்

மலையேறி வந்த களைப்பில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கிறேன். சொம்போடு பாதி காலியான கறுப்புப் புட்டியையும் கொண்டுவருகிறாள் அந்த அம்மாள். செடி தேடி வந்த ஜெர்மன்காரருக்குச் சுமை தூக்கிய அவள் புருஷனுக்கு, அவர் கொடுத்துவிட்டுப் போனதாம். புருஷன் காய்ச்சலில் செத்து எட்டு நாள் ஆகிறது.

"டானிக்குன்னு தெனம் ஒரு மூடி குடுத்தேங்க. இதனாலதான் பூட்டாரா? குடிச்சுப் பாத்து சொல்லுங்க."

லேபிளில் பீர் என்று போட்டிருக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் வேலை செய்தபோது இந்த மாதிரிக் கறுப்பு பீர் குடித்திருக்கிறேன். ஒரு வாய் குடிக்கிறேன். நுரை செத்துவிட்டது. ஆனாலும் வறுத்த கேழ்வரகின் வாசம், கருப்பட்டி இனிப்பு, கடைசியில் இதமான கசப்பு. பீர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கெட்டது இல்லம்மா. ரொம்ப ஒசத்தியானது."

"ஒசத்தியா? அய்யோ, நாந்தான் மூடி மூடியா மிச்சம் புடிச்சிட்டேனே!" என்று அழத் தொடங்குகிறாள்.