ஒரு மண்வெட்டி ஆழம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியில் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் எனக்கு விதி எழுதும் வேலை. உலக யுத்தத்துக்காகப் பிடித்த நிலங்களை எப்படிச் சனங்களிடம் திருப்பிக் கொடுப்பது என்பதற்கான விதி. பட்டாளம் தங்கிய முகாம்கள், எண்ணெய் சேமித்து வைத்த குதங்கள், பீரங்கி சுட்டுப் பழகிய வெளிகள். யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை வளர்ந்த பிறகும் அவை வேலி போட்டபடி கிடந்தன. நகரமோ மேற்கே வீங்கிக்கொண்டு போனது. இளம் குடும்பங்களுக்கு மலிவாகக் காணி தருவோம் என்று மந்திரிமார் சொல்லிவிட்டார்கள். சொன்ன பின் காணி காட்ட வேண்டும். காணி இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று கேட்பதைத்தான் ஒருவரும் விரும்பவில்லை.

பீரங்கி வெளிகளுக்கு ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. பட்டாளத்து ஆட்கள் இரும்பு தேடும் கருவியோடு நிலத்தை நடந்து பார்ப்பார்கள். ஒரு மண்வெட்டி ஆழம் வரைக்கும் கிடப்பதை எடுப்பார்கள். அதோடு நிலம் துப்புரவு. குடியிருப்புக்கு ஏற்றது என்று பத்திரம் கொடுப்போம்.

அதற்குக் கீழே கிடப்பது என்ன ஆகும் என்று வந்த புதிதில் கேட்டேன். எங்கள் பகுதித் தலைவர் நியூகினிக் காட்டில் சண்டை பிடித்தவர். ஒரு காது கேட்காது. கெட்ட மனிதர் அல்ல. அதற்குக் கீழே தேடப் போனால் செலவுக்கு அடியே இராது என்றார். பிறகு ஒருநாள் மத்தியானம் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டு தானாகவே அந்தக் கதையை எடுத்தார். மேற்குச் சிட்னியின் களிமண் மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், உள்ளே கிடப்பதை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். அவருடைய தகப்பனின் பண்ணையில் ஒவ்வொரு உழவுக்கும் புதுக் கல் வருமாம். இரும்பும் அப்படி ஏறி வருமா என்று கேட்டேன்.

"இரும்புக்கு என்ன தனிச் சட்டமா?" என்றார்.

நான் விதியோடு ஒரு பந்தி சேர்த்து எழுதினேன். இது பீரங்கி சுட்ட நிலம் என்பதை வாங்குகிறவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஆழமாக வெட்டுவதற்கு முன் மறுபடி தேட வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பந்தி மேலே போய், குறுக்கே பென்சில் கோட்டோடு திரும்பி வந்தது. சனம் பயப்படும், காணி விலை விழும் என்று காரணம். மறுபடி எழுதினேன், மறுபடி வெட்டினார்கள். கந்தோரில் கண்டதை வெளியே பேசமாட்டேன் என்று நான் கையெழுத்து வைத்திருப்பதைத் தலைவர் ஞாபகப்படுத்தினார். வாயைத் திறந்தால் வேலை போகும். கறுத்த தோலோடு ஒருவன் அந்தக் கந்தோரில் ஒரு கதிரை பிடித்திருந்ததே சிலருக்குக் கண்ணில் குத்தியது. அதற்கு ஒரு சாட்டுக் கிடைத்தால் விடுவார்களா?

அந்தக் காலத்தில் சிட்னியில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் வீடுகள் கொஞ்சம்தான். இப்போது மேய்ஸ் ஹில் முருகனிடம் குடும்பத்தோடு காரில் போகிறார்கள், வரும் வழியில் பிளாக்டவுனில் கற்பூரம் வாங்குகிறார்கள். அன்று கோயிலும் இல்லை, கடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, கோதுமை மாவை அவித்துப் புட்டு என்று சொல்லிச் சாப்பிட்டோம். அப்படி ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்த என் சிநேகிதர் சாப்பாட்டு மேசையில் ஒரு காணி வரைபடத்தை விரித்தார். பிளாக்டவுனுக்கு அப்பால் காணி வாங்கியிருக்கிறாராம். தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர். நான் அதில் ஓரமாக ஓடிய ஓடையின் வளைவைப் பார்த்தேன். அதே வளைவு எங்கள் கந்தோர்ப் படத்திலும் இருந்தது. எங்கள் படத்தில் தெருக்கள் இல்லை, சிவப்பு வட்டங்கள் இருந்தன.

அவரைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்தாவது மண்ணாவது.

"ஐசே, உது பீரங்கி சுட்ட நிலம். கீழ ஷெல் கிடக்கும். காசைத் திருப்பிக் கேளும்."

சிரித்தார். "நீர் இன்னும் வாடகை ஃபிளட்டில இருக்கிறீர். நான் காணி வாங்கிப்போட்டன். உமக்கு அதுதானே சிக்கல்?"

ஆனாலும் மனதுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கிழமை காணி விற்கிற ஆளிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவன் பத்திரத்தின் பிரதியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். அதை என் முகத்துக்கு முன் நீட்டினார்.

"உம்மட கந்தோர்ப் பத்திரம். உம்மட ஆக்கள் பொய் சொல்லுவினமோ?"

"ஓம், சொல்லுவினம்."

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நல்ல காரியம் தொடங்கேக்க உப்பிடிக் கதைக்காதேங்கோ, அண்ணை. நீங்கள் சொல்லிச் சொல்லியே நடக்கப் பண்ணிப்போடுவீங்கள்."

எங்கள் ஆட்களிடம் இதுதான் கரைச்சல். ஆபத்தைச் சொன்னவன்தான் ஆபத்தைக் கொண்டுவந்தவன். அபசகுனம் என்று ஒரு சொல்லைப் போட்டு என் வாயை மூடினார்கள். அங்கே கந்தோரில் பென்சில் கோடு, இங்கே இது.

ஆனி மாதம் நீண்ட விடுமுறை வந்தது. அந்த ஞாயிறு அத்திவாரக் கல் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தலைவரிடம் ஓடினேன். ஒரு தெரிந்த குடும்பம் என்று மட்டும் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். விடுமுறை முடிந்ததும் சத்தமில்லாமல் ஆட்களை அனுப்பித் தேடச் சொல்வேன், அதுவரை அந்த மண்ணில் ஒரு ஆணிகூட இறக்க வேண்டாம் என்று சொல் என்றார். சிநேகிதருக்குப் போன் பண்ணினேன். முடியவே முடியாது என்றார். யாழ்ப்பாணத்தில் தகப்பன் சாத்திரியிடம் நாளும் நேரமும் கணிப்பித்து எழுதியிருக்கிறார். ஆடி பிறந்தால் ஒன்றும் செய்யேலாது. நேரம் என்ன என்று கேட்டேன், விடியற்புறம் என்று தகப்பன் எழுதியிருப்பதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்து விடியற்புறம் சிட்னியில் காலை போய் வெயில் ஏறிய நேரம். அது அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். காலையில் வெள்ளனப் போய் நின்று மறிப்போம் என்று யோசித்தேன்.

அவர் சிட்னி விடியலைப் பார்த்துத் தொடங்கிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பனி அரைவாசி கலைந்திருந்தது. வெறும் வெளி. முளையும் கயிறும் அடித்த காணிகள், ஒரு வீடுகூட எழும்பவில்லை. தெரு முனையில் விற்பனைக்காரனின் பலகைக் குடில். கிழமைக்கணக்காகப் பெய்த மழையில் களி ஊறிப் பளபளத்தது. சிநேகிதர் வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையைப் பிடித்தபடி ஈசான மூலையில் நின்றார். கிடங்கு முழங்கால் ஆழம் வெட்டியாயிற்று. மனைவி சேலைக்கு மேல் கோட். பெண்பிள்ளைகள் இரண்டு பேர். ஐயர் இல்லாதபடியால் தேவாரம் படிக்க ஒரு டொக்டர் வந்திருந்தார். எல்லோருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"ஐசே, நல்ல நேரத்துக்கு வந்தீர்," என்றார் சிநேகிதர். "அத்திவாரம் வெட்ட, லிங்கம் வந்திருக்கு. அவுஸ்திரேலியாவில, ஐசே."

தாம்பாளத்தில் அது நின்றது. ஒரு முழ நீளம். துருவும் களியும் சரளையும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அடி தட்டை, மேல் முனை உருண்டு ஒடுங்கி. கழுவி, மூன்று குறி திருநீறு பூசி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளை போத்திலில் இருந்த பாலை அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்றக் கையால் அது சரியாமல் பிடித்திருந்தாள்.

"சுயம்பு," என்றார் டொக்டர். ஒவ்வொரு நாளும் மனிதரின் வயிற்றை வெட்டித் தைக்கிற மனிதர். அதன் அடியில் ஊரிலிருந்து வந்த கற்பூரத்தைக் குவித்து வைத்துவிட்டு, நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார்.

ஷெல் என்று சொன்னால் தர்க்கம் தொடங்கும். எங்கள் ஆட்கள் தர்க்கம் தொடங்கினால் மத்தியானம் வரை நிற்பார்கள். அதன் பக்கத்தில் நின்று தர்க்கம் பண்ண எனக்கு விருப்பமில்லை. சின்னப்பிள்ளையின் கையை அதிலிருந்து மெல்ல எடுத்தேன். போத்திலோடு அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை அழுதாள். தாய் பின்னால் ஓடி வந்தார், பெரியவளும் வந்தாள். பிள்ளையை விடும், உமக்கு என்ன விசரா என்று ஏசிக்கொண்டு சிநேகிதர் வந்தார். டொக்டர் நெருப்புப் பெட்டியோடு கடைசியாக வந்தார். தெருவைத் தாண்டி, என் காரையும் தாண்டி, குடிலுக்குப் பின்னால் போன பிறகுதான் நின்றேன்.

"அது லிங்கம் இல்லை. வெடிக்காத ஷெல்."

சிநேகிதர் திரும்பித் தன் காணியைப் பார்த்தார்.

"நான் அலவாங்கால ரெண்டு தரம் இடிச்சனான்," என்றார். பிறகு தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி பிள்ளையின் பால் பிசுபிசுத்த கையை எடுத்துத் தன் கோட்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

விற்பனைக்காரன் குடிலைத் திறக்க வந்தான். பொலிசுக்குச் சொல்லுமுன் தன் முதலாளிக்குச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறு என்றான். நான் அவனைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன்.

பட்டாளத்தார் வந்தார்கள். அதைத் தூக்க ஏலாது என்று மண் மூட்டை அடுக்கி அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். குடிலின் கண்ணாடிகள் கொட்டின. தேங்காயும் தாம்பாளமும் போன இடம் தெரியவில்லை. அதன்மேல் வெள்ளைக் கோடும் பொட்டும் போட்டது யார் என்று சார்ஜன்ட் கேட்டான். டொக்டர் நிலத்தைப் பார்த்தார். அது எங்கள் வழிபாடு என்று நான் சொன்னேன். சார்ஜன்ட் சிரிக்கவில்லை, டொக்டரின் கையில் இருந்த நெருப்புப் பெட்டியைப் பார்த்தான். "அந்த நெருப்பைக் காட்டியிருந்தால் அது பதில் சொல்லியிருக்கும்," என்றான்.

விடுமுறை முடிந்து கந்தோருக்குப் போனேன். இனியாவது என் பந்தியைச் சேர்ப்பார்கள் என்று நினைத்தேன். மேலே கூட்டம் வைத்துப் பேசினார்கள். அந்த ஒரு காணியை மட்டும் ஆழமாகத் தேடுவது, மற்றவற்றுக்குப் பழைய பத்திரமே போதும் என்று முடிவு. ஒன்று வெளிப்பட்டது தற்செயல், விதியில் பிழை இல்லை என்று எழுதி வைத்தார்கள். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. தலைவர் என் மேசைக்கு வந்து, தான் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லிப் பார்த்திருப்பார். நம்புகிறேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

சிநேகிதர் வீட்டைக் கட்டினார். அந்த வட்டாரத்திலேயே பயமில்லாத காணி தன்னுடையதுதான் என்று கணக்குப் போட்டார். அது சரியான கணக்குத்தான். பிறகு என்னிடம் வந்து, ஒருவருக்கும் மூச்சு விட வேண்டாம் என்று கேட்டார்.

"வெளியில தெரிஞ்சால் இந்த வீட்டை ஒருத்தனும் வாங்கமாட்டான், ஐசே. எனக்கு வேற ஒண்டுமில்லை."

"பக்கத்துக் காணிக்காரருக்கு?"

"அவையள் என்ன எங்கட ஆக்களே?"

அந்த முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. குடிபுகுதலுக்கு நான் போகவில்லை. சுற்றுமுற்றும் வீடுகள் எழும்பின. ஒவ்வொரு வீட்டிலும் சின்னப்பிள்ளைகள். சிநேகிதரின் மனைவி மட்டும் தன் வளவு முழுக்கக் கொன்கிரீட் ஊற்றுவித்தார் என்றும், பிள்ளைகளை வேலிக்கு வெளியே விடுவதில்லை என்றும் பிறர் சொல்லக் கேட்டேன். எங்கள் ஆட்கள் அதை வீண் பெருமை என்றார்கள்.

அடுத்த மாரியில், மழை ஓய்ந்த ஒரு வேலை நாள், கந்தோர்ப் போன் அடித்தது. சிநேகிதரின் மனைவி. சத்தமில்லாமல் பேசினார்.

"அண்ணை, பக்கத்து வீட்டு மனுசன் மரம் வைக்கக் கிடங்கு வெட்டுறார். ஆழமா வெட்டுறார். எனக்கு இங்கிலிஷில சொல்லத் தெரியேல்ல. சொன்னன், சிரிக்கிறார். இவருக்குத் தெரியாமத்தான் எடுக்கிறன்."

கோட்டை எடுத்தேன். எங்கே போகிறாய் என்று தலைவர் கேட்டார். சொன்னேன். கேட்கிற காதால்தான் கேட்டார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு மனிதர் மோல்டாத் தீவுக்காரர். அத்திமரக் கன்று சாக்குக்குள் நின்றது. கிடங்கில் அவர் தொடை வரைக்கும் இறங்கி நின்றார். நான் முதலில் அவரை வெளியே வரச் சொன்னேன். பிறகு நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன், அந்த நிலம் என்னவாக இருந்தது என்று சொன்னேன், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன கிடைத்தது என்றும் சொன்னேன். அவர் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். சிநேகிதர் வீட்டுக் குசினி யன்னலைப் பார்த்தார். அங்கே திரைச்சீலைக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றார். அந்தத் தெரு முழுக்கக் கொல்லைகளில் பிள்ளைகளின் ஊஞ்சல்கள். ஒவ்வொன்றின் காலும் மண்ணுக்குள் இறக்கியிருந்தது.

"இவ்வளவு பேருக்கும் தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

இதை எல்லோருக்கும் முன்னால் சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். அவர் வெற்றுச் சீமெந்துப் பை ஒன்றைக் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் பெயரைக் கேட்டார். அவர்களுக்கு எழுத வராத நீளப் பெயர். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.