என் நாத்தனார் தேர்ந்தெடுத்த கார்பரேட்டர்

என் நாத்தனார் ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி யாரோடு ஓடுவாள்? மாடிவீட்டுக்காரி, தெருக்கோடி டாக்டரோடு என்கிறாள். டாக்டருக்கு எழுபத்தொன்பது வயது, கைத்தடி இல்லாமல் வாசல்வரைகூட வரமாட்டார். எதிர்வீட்டுக்காரி மெக்கானிக்கோடு என்கிறாள். அந்த மெக்கானிக், என் நாத்தனார் போன அன்று சாயங்காலம், சொல்கிறவள் வீட்டு ஸ்கூட்டரைத்தான் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும், கூடவே இருந்தவள் நான்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. முதல் பத்து வருடம் இரண்டு பேரும் சண்டை போட்டோம். பிறகு அலுத்துப்போய்ச் சிநேகமாகிவிட்டோம். கல்யாணம் வேண்டாமென்றாள், வேண்டாமென்றால் வேண்டாம்தான், அதில் மற்றவர்களுக்கு என்ன? பஸ் டிப்போவின் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தாள். யாராவது ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார்கள். அதிலுள்ள எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து சாமானை எடுத்துக் கொடுப்பாள். அவள் கொடுத்த சாமானில் ஊரிலுள்ள பஸ்ஸெல்லாம் ஓடின. அவள் மட்டும் சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வருவாள். எப்போதோ எடுத்த லைசென்ஸ் ஒன்று பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. சில நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள். நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன்.

டாக்டர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய பந்தயக் கார் நின்றது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மூக்கு நீளம். பதினோரு வருடமாக ஓடாதது. நிறம் சிவப்பு என்றார்கள். தூசிக்குள் எனக்கு அது தூங்குகிற மிருகம் மாதிரிதான் தெரிந்தது. டாக்டர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார் என்றதும் என் நாத்தனார் போய்க் காரைக் கேட்டாள். அவர் சிரித்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரனின் லாரி வருகிறது, அதற்குள் அது தானாக ஓடிக் கொட்டகைக்கு வெளியே வந்தால் உனக்கு, இல்லையென்றால் அவனுக்கு என்றார். இருபது நாள் இருந்தது.

அன்றிலிருந்து மதியமெல்லாம் கொட்டகைதான். துணைக்கு நானும் போவேன். தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழும். தூசி அந்த வெளிச்சத்தில் அவசரமே இல்லாமல் மிதக்கும். பெட்ரோல் வாசனையில் எனக்குக் கண் சொருகும். தாடி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மெக்கானிக் வந்து பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றையும் சரிபார்த்தான். கார்பரேட்டர் மட்டும் தேறாது, வேறு வேண்டும் என்றான்.

அது என்னடி அப்படிப்பட்ட சாமான் என்று கேட்டேன்.

"காத்து உள்ள வரும் அண்ணி. வர்ற வழியில கொஞ்சம் பெட்ரோலை நக்கிக்கும். பனிமூட்டம் மாதிரி ஆயிடும். எஞ்சின் அந்தப் பனியைத்தான் குடிக்குது."

அன்று படுத்திருந்தபோதும் எனக்கு அந்த நினைப்புத்தான். இரும்புக்குள்ளே ஒரு விடியற்காலை.

ஸ்டோர் புத்தி போகுமா? பழைய கார்பரேட்டரைத் தேய்த்துத் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, நாலு ஊருக்கு எழுதிப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் அதே எண்ணில் புத்தம்புதிதாக ஒன்று வந்தது. மாட்டினாள். கார் இருமியது, நடுங்கியது, நின்றுவிட்டது. மூன்று நாளும் அதே கதைதான். சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. நம்பர் சரியாகத்தானே இருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

எனக்கு எண் தெரியாது. கழற்றிப் போட்ட புதிய கார்பரேட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினில் அதை மாட்டுகிற வாயில் மூன்று விரல் போயிற்று, இதன் வாயில் இரண்டுதான் போயிற்று.

"ஏண்டி, இதோட வாய் அதைவிடச் சின்னதா இருக்கே?"

அவளும் விரலை விட்டுப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டருக்கு முன்னால் காரை வைத்திருந்தவன் எவனோ ஏதோ சின்னக் காரின் கார்பரேட்டரை இதில் மாட்டியிருக்கிறான். இவள் நம்பியது அந்தத் தப்பான சாமானின் எண்ணை. டாக்டரைக் கேட்டால், ஆமாம், பாதி வழியில் நின்றுபோகும், மேட்டில் எப்போதும் மூச்சுத் திணறும் என்கிறார் நிதானமாக. என் நாத்தனார் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் தாடியின் பட்டறைக்குப் போனோம். குவியலிலிருந்து இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று ஏதோ பெரிய காருடையது, இரட்டை வாய், பளபளப்பு. இன்னொன்று ஒற்றை வாய், கறுத்துப்போனது.

"பெரிசைப் போடுக்கா. பறக்கும்."

"வழி ரொம்ப அகலமா இருந்தா காத்து சோம்பேறி ஆயிடும் தாடி. அப்புறம் பெட்ரோலை யாரு தூக்கிட்டுப் போறது, நீயா?"

எஞ்சின் வாயின் அளவுக்கு ஓர் அட்டையை வட்டமாக வெட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். கறுத்துப்போனதன் வாயில் அதை வைத்தாள். சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. அதன் மேலும் ஏதோ எண் இருந்தது. கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு, இதுதான் என்றாள்.

வியாழக்கிழமை மதியம் மாட்டி முடித்தாள். திருகாணியைக் கால் சுற்று திருப்புவாள், காதைச் சாய்ப்பாள், மறுபடி கொஞ்சம் திருப்புவாள். கார் ஒருமுறை தும்மியது. பிறகு தூக்கத்தில் யாரோ மெதுவாகப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். அது நிற்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள். கார் மெல்ல நகர்ந்து வெயிலுக்கு வந்தது, அப்போதுதான் அந்தச் சிவப்பை நானும் பார்த்தேன். டாக்டர் வாசலில் நின்று காரின் காகிதங்களை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தெருவே பார்க்கத்தான் கிளம்பினாள். கையில் ஒரு பை, அதில் இரண்டு மாற்றுத்துணி, லைசென்ஸ், ஒரு திருப்புளி. எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"தெரியலை அண்ணி. இத்தனை வருஷம் அடுத்தவங்க எழுதிக் குடுத்ததைப் பார்த்துத்தான் கையை நீட்டினேன். நீங்களும் வாங்களேன், ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

"நான் வந்துட்டா இவளுங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீ போயிட்டு வா."

செருப்பை மாட்டினாள். படியிறங்கினாள். கார் நிற்கிற டாக்டர் வீட்டுப் பக்கம் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் போகவிட்டிருக்கமாட்டேன்.