தனூதாவின் கல்லில் இன்னொரு பெயர்

லியோகாதியா என் அம்மாவின் தங்கை. அவளுடைய ஒரே மகள் தனூதா எனக்குத் தங்கை முறை. எங்கள் ஊரான பாபியானிட்சேயின் பஞ்சாலையில் வேலை பார்த்தபோது, தறிவேலை பழக வியட்நாமிலிருந்து வந்த குவாங்கை அவள் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் ஆக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு மருமகனின் பெயரை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. எப்போதும் 'அவன்'தான். கோபம் வந்தால் "உன் சீனாக்காரன்" என்பாள்.

"சீனா இல்லம்மா, வியட்நாம்" என்று தனூதா திருத்துவாள்.

"எதுவா இருந்தா என்ன? ரெண்டும் நம்ம ரயில் போய்ச் சேராத ஊருதானே!"

ஆலை மூடியதும் குவாங் ரயிலடியில் சின்னதாக ஒரு சூப்புக் கடை போட்டார். குளிர்காலம் முழுக்கச் சித்தி வீட்டுக்கு நிலக்கரி சுமந்து போனவரும் அவர்தான். வாளியை வாங்கி வைத்துக்கொள்வாள், நன்றி என்று ஒரு வார்த்தை வராது.

தனூதா புற்றுநோயில் போய்விட்டாள். சித்தி தன் சேமிப்பில் அவளுக்கு இரண்டு பேர் படுக்கும்படியான கல்லறை வாங்கினாள். இன்னொரு இடம் தாய்க்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே குவாங் என்னிடம் கேட்டார்: "இரேனாக்கா, நான் செத்தா என்னை எங்க வைப்பாங்க? ஊர்ல அப்பா அம்மா வயலோரமா கிடக்காங்க, அங்க எனக்குன்னு விளக்கேத்த ஒரு ஆள் இல்ல. இங்கயும் பிள்ளை குட்டி இல்ல."

"உன் மாமியாரைக் கேளு தம்பி."

"அவங்களையா? நான் உயிரோட இருக்கிறதுக்கே இன்னும் அவங்ககிட்ட அனுமதி வாங்கலையே!"

சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் திருநாளில், எங்கள் ஊரே இடுகாட்டில் இருக்கும். அதற்கு முந்தின வாரமே கல்லைத் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவோம். தனூதா போனதிலிருந்து அந்த வேலையும் குவாங்குடையதுதான். திருநாளன்று எல்லோரும் சாமந்தித் தொட்டியும் கண்ணாடி விளக்கும் வைப்போம், குவாங் கூடவே ஓர் ஆரஞ்சுப் பழமும் வைப்பார். அவர்கள் ஊர் வழக்கம் அது. அவர் திரும்பினதும் சித்தி அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள். "செத்தவ தோலை உரிச்சா திங்கப்போறா?" என்பாள்.

போன வருஷம் சித்தி அவரைக் கல் கழுவ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "நான் ஆள் வச்சுப் பாத்துக்கறேன். திருநாள் வரைக்கும் அவன் அந்தப் பக்கமே வரக் கூடாது, சொல்லிடு." சொன்னேன். குவாங்கின் முகம் சுண்டிப்போனது.

திருநாளன்று காலையில் ஒரே மூடுபனி. பேருந்தில் மனிதர்களைவிடப் பூந்தொட்டிகள் அதிகம். நானும் குவாங்கும் ஈர இலைகளை மிதித்துக்கொண்டு தனூதாவின் கல்லறைக்குப் போனோம். சித்தி மடக்கு நாற்காலி போட்டு முன்பே உட்கார்ந்திருந்தாள். கல்லில் தனூதாவின் பெயருக்குக் கீழே புதிதாக வெட்டிய எழுத்துகள் பளபளத்தன. குவாங்கின் முழுப்பெயர், பிறந்த வருஷம், பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் வெறும் கல்.

குவாங் படித்தார். கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"எங்கடி போறான்?" என்றாள் சித்தி.

நான் பின்னாலேயே போனேன். இடுகாட்டின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. தொலைவில் புதைக்கப்பட்டவர்களுக்கு அங்கேதான் விளக்கு வைப்போம். வருஷா வருஷம் தன் அப்பா அம்மாவுக்கு விளக்கு வைக்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார்.

"அக்கா, நான் இன்னும் சாகலையே" என்றார். "எங்க ஊர்ல உயிரோட இருக்கிறவன் பேரை இப்படி எழுத எங்கம்மா விட்டிருக்க மாட்டாங்க. நான் எப்பப் போவேன்னு பாத்துட்டு உக்காந்திருக்காங்களா?"

இத்தனை வருஷம் எங்களோடு இருந்தவருக்கு இது தெரியாதா என்று இருந்தது. கையைப் பிடித்து என் வீட்டுக்காரர் ஹென்றிக்கின் கல்லறைக்கு இழுத்துப் போனேன்.

"படி."

ஹென்றிக்கின் பெயருக்குக் கீழே என் பெயர், பிறந்த வருஷம், கோடு. கோடு பழசாகி மங்கியிருந்தது.

"அவர் செத்த வருஷமே வெட்டியாச்சு. வாராவாரம் வந்து என் பேரை நானே தொடைக்கிறேன். செத்தா போயிட்டேன்? கடையில உன் சூப்பைக் குடிச்சுட்டுத்தானே திரியறேன்! இவ இன்னாரோட ஆளு, இவளுக்கு இங்க இடம் இருக்குன்னு அர்த்தம் தம்பி. வேண்டாதவன் பேரை எவளாவது காசு குடுத்து வெட்டுவாளா?"

குவாங் என் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது சித்தி அதே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"அத்தை, இது உங்களுக்குன்னு வாங்கின இடமாச்சே" என்றார் குவாங். "நீங்க எங்க போவீங்க?"

"எனக்கு எம் புருஷன் குழி இருக்கு. கீழே என் மாமியாக்காரி கிடக்கா. உயிரோட இருந்தப்ப முடிக்காத சண்டை நிறைய பாக்கி இருக்கு, அங்க போய் முடிச்சுக்கறேன்." பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். "எம் பொண்ணு தனியா படுக்க பயப்படுவா. சின்னதிலேருந்தே அப்படித்தான்."

நான் விளக்கைக் கொளுத்தினேன். குவாங் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சை எடுத்தார். சித்தியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உள்ளே வைக்கப் போனார்.

"குடு இங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

வழக்கம்போல் பைக்குள் போகப்போகிறது என்று நினைத்தேன். அவள் கையுறையைக் கழற்றி, நகம் பதித்து, பழத்தை உரித்தாள். தோலை அவர் கையில் திணித்துவிட்டு, சுளைகளைக் கல்லின்மேல் வைத்தாள்.

"தோலோட வச்சா அவ எப்படித் திம்பா, குவாங்?"

தோலை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார் அவர்.