கிடர்பூரில் ஒரே பந்தி

ஐரோப்பாவில் மகாயுத்தம் முடிந்து இரண்டாவது குளிர்காலம். கல்கத்தாப் பள்ளிகளில் சமாதானக் கொண்டாட்டம் என்று குழந்தைகளுக்கு சந்தேஷ் என்ற பால் இனிப்புக் கொடுத்தார்கள், காகிதக் கொடி கொடுத்தார்கள், வெயிலில் நிற்க வைத்து வாழ்த்துப் பாடச் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பவானிப்பூரில் என் வீட்டுக் கூடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு ராமு அந்தக் கொடியோடு வந்து சேர்ந்தான். எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரோகிதம் செய்யும் சாஸ்திரிகளின் பேரன், பத்து வயது. “ஜெயிச்சுட்டோம்னு சொல்றாளே ஸார், நாம என்ன ஜெயிச்சோம்?” என்றான்.

வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் பில் எழுதுகிறவன் நான். ஞாயிறு மட்டும் வாத்தியார். கேள்வி கேட்டால் மழுப்பும் வாத்தியாரல்ல. யுத்தம் ஏன் வந்தது, யாரைத் தின்றது என்று புத்தகத்தில் காட்டுவதைவிடக் கிடர்பூர்த் துறைமுகத்தில் காட்டலாம் என்று தோன்றியது. ஆட்களும் சணல் சாக்குகளும் கப்பலேறிப் போன இடம் ட்ராம் தூரத்தில் இருக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து என்ன கதாகாலட்சேபம்? தை மாதத்து ஞாயிறு ஒன்றைக் குறித்துவிட்டேன்.

ஐந்து வீட்டுக் குழந்தைகள், மொத்தம் ஒன்பது பேர். நான்கு வீடுகளில் உடனே சரி என்றார்கள். ஐந்தாவது வீட்டில்தான் சிக்கல். ஹெட்கிளார்க் வைத்தியநாதன் வீடு. அவருடைய பெண் கமலத்துக்குப் பதினொரு வயது. அவர் மனைவி மீனாட்சியின் கூடப்பிறந்த தம்பி சுந்தரம் யுத்தத்தின்போது மெசபடோமியாவில் உள்ள பஸ்ராவுக்குப் போய், அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவன். போகச் சொல்லி வற்புறுத்தியதே வைத்தியநாதன்தான். மைத்துனன் யுத்தச் சேவைக்குப் போனான் என்றால் ஆபீசில் துரைக்கு முன் தலை நிமிர்ந்து நிற்கலாம். குண்டு வெடித்து ஒரு காது போய்த் திரும்பி வந்தான் சுந்தரம். கடல் தாண்டியவன், பிராயச்சித்தம் செய்துகொள்ளாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அதே வைத்தியநாதன் வாசலில் நிறுத்தினார். மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கிட்டங்கியில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான்.

தகப்பனாருக்கு அவன் ஒரே பிள்ளை. அந்தத் தை மாதக் கடைசியில் தகப்பனாரின் திதி. பிராயச்சித்தம் இல்லாமல் திதி செய்து வைக்க மாட்டேன் என்று சாஸ்திரிகளும் சொல்லியிருந்தார். மீனாட்சி சமையலறையில் அழுவாள், கூடத்துக்கு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று என் மனைவி அலமேலு சொல்லியிருக்கிறாள்.

வைத்தியநாதன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “கப்பலைப் பாருங்கோ, பாலத்தைப் பாருங்கோ. சுந்தரத்தோட அறைப் படி மட்டும் ஏறப்படாது.” ஏறமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். சுந்தரத்தைப் பாலத்தருகில் வந்து நிற்கும்படி அப்புறம் சொல்லி அனுப்பினேன்.

இனி வழி. காலை ஏழரைக்குப் பவானிப்பூரில் எஸ்பிளனேடு ட்ராம் ஏறினோம். இரண்டு மைல் தூரம், அரை மணி நேரம். இரண்டாம் வகுப்பில் எனக்கு ஓர் அணா, குழந்தைகளுக்குப் பாதி. எஸ்பிளனேடில் மாறி, கிடர்பூர் வண்டியில் மைதானத்துக்கு நடுவே போனால் மூன்று மைல். தை மாதத்துப் பனி புல்லை விட்டுக் கிளம்பாத நேரம் அது. சால்வை இல்லாமல் போனால் பல் தந்தியடிக்கும்.

இந்த இரண்டாவது வண்டியில்தான் பாடத்தை ஆரம்பித்தேன். ஆளுக்கொரு தேசம் கொடுத்தேன், தேசத்தை வீடாக்கிக் கதை சொன்னேன். பொதுக் குழாயடியில் இரண்டு வீட்டுக்குச் சண்டை. அதில் ஒரு வீட்டுக்கு, “உனக்கு ஒன்று என்றால் நான் வருவேன்” என்று மூன்றாவது வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு நாலாவது வீட்டுக்காரர். இப்படி ஒருவர் கையை ஒருவர் பிடித்து முழுத் தெருவும் குடத்தோடு இறங்கிவிட்டது என்றேன். அதற்கு முன்பே சந்தைக்கும் துறைமுகத்துக்கும் பொறாமை புகைந்துகொண்டிருந்தது, குடங்களையும் தயாராக வாங்கி வைத்திருந்தார்கள் என்றும் சொன்னேன். தேசங்களின் பெயர் காதில் விழுந்ததும் பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவர் ஒருவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தாமே வலிய வந்து துருக்கி ஆனார். “இந்தியாவை யார் ஸார் கேட்டா?” என்றான் ராமு. யாரும் கேட்கவில்லை என்றேன். கமலம் மட்டும் வேறு கேள்வி கேட்டாள்: “ஒருத்தர் கையைப் பிடிச்சா எல்லாரும் வந்துதான் ஆகணுமா?” கையை விடுவதற்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லாவிட்டால் வந்துதான் ஆகவேண்டும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ட்ராம் நிற்கும் இடத்திலிருந்து பாலத்துக்கு அரை மைல் நடை. கப்பல் உள்ளே வரும்போது பாலமே பக்கவாட்டில் திரும்பி வழி விடும். அதைப் பார்க்க வேண்டுமானால் நதியில் நீர் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் போனபோது திரும்பவில்லை. குழந்தைகளுக்கு ஏமாற்றம், எனக்கும்தான்.

சுந்தரம் காத்திருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை, காதோரம் நரைத்துவிட்டது. முதலில் எங்களைக் கிட்டங்கியின் முற்றத்துக்கு அழைத்துப் போனான். ஆள் உயரம் அடுக்கியிருந்த சாக்குகளைத் தட்டிக் காட்டினான். இவற்றில் மண் நிரப்பி அடுக்கித்தான் ஐரோப்பாவில் பதுங்கு குழிகளுக்குச் சுவர் வைத்தார்களாம். சணல் கம்பெனியில் வேலை பார்ப்பவர் மகன் ஒருவன், யுத்த காலத்தில் அப்பாவுக்கு போனஸ் வந்தது, தீபாவளிக்குப் பட்டு எடுத்தோம் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கரீம் மியா என்ற கப்பல்காரரையும் சுந்தரம் கூப்பிட்டு வந்தான். கப்பலின் அடித்தட்டில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். கப்பலுக்குக் குண்டடி விழுந்தால் மேல்தட்டுக்காரர்கள் படகில் இறங்கிவிடுவார்கள், கீழே இருப்பவர்களுக்கு ஏணி ஏற நேரம் இருக்காது என்று வங்காளியில் சொன்னார். அவருடைய தம்பி அப்படித்தான் போனானாம். மாலையில்லை, கொடியில்லை, தாயாருக்குச் சேதியே வெகுநாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு ராமு, பஸ்ராவில் என்ன செய்தீர்கள் என்று சுந்தரத்தைக் கேட்டான். சுந்தரம் நல்ல காதை அவன் பக்கம் திருப்பினான்.

“ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கறதுதான் என் வேலை. ஆனா படகு படகா அடிபட்டவாளைக் கொண்டுவந்து இறக்குவா. தூக்க ஆள் போறாது. நானும் தூக்கினேன். ஒரு நாள் ஒரு பையன், சேலத்துப் பக்கமாம், ‘தண்ணி குடுங்க’ன்னு தமிழ்ல கேட்டான். அந்தப் பாலைவனத்துல தமிழ் காதுல விழுந்தா எப்படி இருக்கும் சொல்லு. தலையை மடியில வெச்சுண்டு குடுத்தேன். என்ன ஜாதின்னு நானும் கேக்கலை, அவனும் கேக்கலை.”

“அப்புறம் அவனுக்கு உடம்பு தேவலையாயிடுத்தா?”

“இல்லைடா. போயிட்டான். பேர் கேக்கறதுக்குள்ள போயிட்டான்.” சரிந்திருந்த ஒரு சாக்கைத் தள்ளி நேராக்கினான். “அதுக்குத்தான் பிராயச்சித்தம் பண்ணிக்கோங்கறா. பண்ணிண்டா, அது பாபம்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடும். அது மட்டும் என்னால ஆகாது.”

மறைப்பானேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அரச மரத்தடியில் சாப்பாடு. அலமேலு கட்டிக் கொடுத்த புளியோதரை, தயிர்சாதம், வடுமாங்காய். குழந்தைகள் வாழையிலை நறுக்குகளைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். சுந்தரத்துக்கும் ஓர் இலை கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, எட்டடி தள்ளிப் போய் முதுகைத் திருப்பி உட்கார்ந்தான். நானும் பேசாமல் இருந்தேன். வாயாடி என்று பெயர் வாங்கியவன், அப்போது பயந்துதான் போனேன். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டால் ஐந்து வீட்டுக் குழந்தைகளும் வகுப்பிலிருந்து நின்றுவிடுவார்கள்.

கமலம் எழுந்தாள். இலையைச் சாதத்தோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் மாமாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தாள். தன் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து அவன் இலையில் வைத்தாள். அவன் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சுந்தரம் வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டினான்.

ராமு வாய் பிளந்து பார்த்தான். “கமலம், இப்ப நீயும் தள்ளி வெச்சவதானே?”

“ஆமா. என்கூட நீ சாப்ட்டா நீயும். ஸார் ட்ராம்ல சொன்னாரே, ஒருத்தர் கையைப் பிடிச்சா எல்லாரும் வந்தாகணும்னு. வரயா?”

சாஸ்திரிகள் பேரன் ஒரு நொடிதான் யோசித்தான். இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்புறம் சணல் கம்பெனிக்காரர் மகன், அப்புறம் மற்றவர்கள். கடைசியில் என் இலை. யுத்தத்தை மூட்டிய வழியைத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். அதைத் திருப்பிப் போட்டு அவள் வேறொன்று மூட்டிவிட்டாள். அந்தப் பந்தியில் சுந்தரம் சாப்பிட்டானா அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்று மணிக்குப் பவானிப்பூர் திரும்பினோம். வைத்தியநாதன் வீட்டு வாசலிலேயே கமலம் நின்றுவிட்டாள், உள்ளே போகவில்லை. மாமாவோடு ஒரே பந்தியில் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமாவுக்கு உண்டான பிராயச்சித்தம் தனக்கும் உண்டு, மாமா மாட்டேன் என்றால் தானும் மாட்டேன் என்றாள். வைத்தியநாதன் என்னை முறைத்த முறைப்பில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். அறைப் படி ஏறவில்லை ஸார் என்று ஞாபகப்படுத்தினேன். ராமு சொல்லி சாஸ்திரிகளும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஐந்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். யார் யாரைத் தள்ளி வைப்பது என்பதுதான் கேள்வி; தள்ளிவைக்க ஒரு வீடும் மிச்சமில்லை.

சாஸ்திரிகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிறு பிள்ளைகளுக்கு இதனால் தோஷம் ஏதும் ஒட்டாது, தாராளமாக உள்ளே வரலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது மீனாட்சி சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “குழந்தைகள்மேல ஒண்ணும் ஒட்டலேன்னா, அவன்கிட்ட ஒட்டறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னுதானே அர்த்தம்? என் அப்பா திதிக்கு என் தம்பி இந்த ஆத்துக்கு வரணும்” என்றாள். வைத்தியநாதன் வாசற்படியை விட்டு விலகி நின்றார். பிறகு, “பஸ்ராவுக்குப் போகச் சொன்னவனே நான்தானே” என்றார். கமலம் உள்ளே போனாள்.

திதியன்று சுந்தரம் வந்தான். பிராயச்சித்தம் என்ற பேச்சையே சாஸ்திரிகள் உட்பட யாரும் எடுக்கவில்லை. தர்ப்பணத்தின் முடிவில், தண்ணீர் விட யாருமில்லாமல் போனவர்களுக்காக ஒரு கை நீர் விடும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாஸ்திரிகள் அதற்கான மந்திரத்தைச் சொன்னதும் சுந்தரத்தின் கை நின்றுவிட்டது. வாசற்படியருகில் இருந்த ராமு, “விடுங்கோ மாமா, அந்த சேலத்துக்காரனுக்கு” என்றான். பேரனை அதட்ட வாயெடுத்த சாஸ்திரிகள், அதட்டாமல் மந்திரத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னார். சுந்தரம் கை நிறைய நீர் எடுத்து விட்டான். நாம் என்ன ஜெயித்தோம் என்று ராமு அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை.

நீங்களும் குழந்தைகளை அழைத்துப் போவதானால்: மாசிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் கொளுத்தும். கிட்டங்கிக்குள் போக முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாட்டுவண்டிகளும் கைவண்டிகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், சின்னவர்கள் கையை விடாதீர்கள். பஸ்ராவோ பிரான்சோ போய் வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். உட்கார வைத்துக் கேளுங்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். துறைமுகத்துத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, எங்கள் கூஜா பாலத்துக்கு வருமுன்பே காலி. இரண்டாக எடுத்துப் போங்கள். அங்கே யாராவது தண்ணீர் கேட்டால், கொடுத்துவிட்டுப் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.