மெயின் சுவிட்சை யார் தொட்டது

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள்; எதற்கெடுத்தாலும் பயந்து சாகிறவள். எழுபதுகளில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற வேலை பார்த்தேன். எஸ்டேட் கைமாறிப் புதுக் கம்பெனி வந்திருந்த சமயம் அது. வாசலில் ‘தொழிலாளியே நம் பலம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

பலகையில் இருப்பதுபோல உள்ளே நடக்கிறதா என்று பார்க்கக் கொச்சியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். மிஷின்களுக்குப் பக்கத்திலேயே நின்று எங்களிடம் பேசினார். மேலே இருப்பவர்களிடம் பயம் உண்டா, மனதில் பட்டதைச் சொல்ல முடிகிறதா என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றோம். நானும் அதையே சொன்னேன். சொன்ன பிறகு, அதையாவது ஒழுங்காகச் சொன்னேனா என்று கவலையாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெயின் சுவிட்சை, தூள் தயாரிப்பு முழுவதற்கும் மேலாளான டீமேக்கர் மட்டும்தான் தொடுவார். எல்லா மிஷினும் ஒரே மோட்டாரில் ஓடின. அதை நிறுத்தினால், உலர்த்துகிற டிரையரில் இருக்கும் இலையும் நின்று கருகிப்போகும். தொடக்கூடாது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஆபீசர் இருந்தபோதே ஒரு மத்தியானம், குனிந்து தூள் அள்ளிய என் முந்தானையைச் சல்லடை மிஷினின் பெல்ட் பிடித்துக்கொண்டது. இடுப்பில் சொருகியிருந்த துணி உருவிக்கொண்டு போய்க் கழுத்தை இறுக்கி இழுத்தது. கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். என் பக்கம் இல்லை, சுவிட்சின் பக்கமும் இல்லை, வாசலுக்கு. லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரியும் சுவிட்சை உரசிக்கொண்டு ஓடினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். வெளியே டீமேக்கரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

வழக்கம் தெரியாத ஆபீசர்தான் பாய்ந்து சுவிட்சை இழுத்தார்.

டீமேக்கர் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். முதலில் டிரையரைப் பார்த்தார்.

“சுவிட்ச யாரு தொட்டது?”

என் கழுத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பேச வந்ததும் என் வாயில் இதுதான் வந்தது: “நான் நிறுத்தச் சொல்லலய்யா.”

ஆபீசரின் முகம் வெளுத்துவிட்டது. சொன்ன எனக்கே உடம்பு நடுங்கியது. கழுத்து இறுகியபோதுகூட அப்படி நடுங்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தாள். நான் செத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

“ஒனக்காகத்தான புள்ள அவரக் கூட்டியார ஓடுனேன்?”

மறுநாள் காலையில், இலை போடுவதற்கு முன்னால், ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று டீமேக்கரையே சொல்லவைத்தார் ஆபீசர். அதோடு விடவில்லை. ஒவ்வொருவராக வந்து ஓடுகிற மிஷினை நிறுத்திக் காட்டவேண்டும் என்றார். யாரும் நகரவில்லை.

“நீ போடி மொதல்ல. ஒன்னயத்தான அது ஆசையா இழுத்துச்சு,” என்று யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

சுவிட்சில் கை வைத்தேன். கழுத்து தானாக டீமேக்கர் பக்கம் திரும்பியது.

“அவரை நோக்கண்டா,” என்றார் ஆபீசர், பார்க்காதே என்பதை மலையாளத்தில். “என்னையும் நோக்கண்டா. மிஷினைப் பார்.”

பெல்ட்டைப் பார்த்தேன். இழுத்தேன். நின்றது.

டீமேக்கர் அடுத்து நின்றவளை வரச் சொன்னார். அவள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சுவிட்சிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது.