மாமி ஸ்வீடனுக்குப் போகலாமா?

எங்கள் நாலு பேர் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒரு தேசத்துக் கதைகளைப் படிப்பதென்று ஒரு சவால். அந்த மாதம் ஸ்வீடன் என்று அறிவித்தவர் மயிலாப்பூர் மாமி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். காரணத்தையும் அவர் ஒளிக்கவில்லை. "பொண்ணு ஸ்வீடனுக்கே வந்துடுங்கறா. நீங்கள்லாம் படிச்சுட்டு ஊர் எப்படின்னு சொல்லுங்கோ. அப்புறம் முடிவு பண்றேன்."

எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கொலைக் கதைகள்தான். அவற்றைப் படித்துவிட்டு ஓர் ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எங்கள் கூட்டத்துக்கு மட்டுமே உண்டு. எனக்கோ உள்ளூரப் பயம். மாமி போய்விட்டால் வட்டம் கலைந்துவிடும். அதைவிட, நினைத்தபோது அடையாறிலிருந்து பஸ் ஏறிப் போய் உட்கார எனக்கு வேறு வீடு கிடையாது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் டிக்கெட் எடுத்துவிடுவாரோ என்று, வியாழக்கிழமையே மற்ற இருவரையும் கிளப்பிக்கொண்டு போய் மாமி வீட்டு மணியை அடித்தேன். ஸ்வீடனைக் கொஞ்சம் மோசமாகவே சொல்வதென்று வழியிலேயே பேசி வைத்திருந்தோம்.

மாமி கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்காமல் காபி கலக்கப் போனார்.

காபி வந்ததும், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஆரம்பித்தார். "இத்தாம் தண்டி புஸ்தவத்துல ஒரு கல்யாணம் இல்ல, ஒரு சடங்கு இல்ல. ஆளாளுக்குச் சாம்பல் கலர் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அலையுதாவ. அந்த ஊர்ல எவன் ஜவுளிக்கடை நடத்துவான்?"

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வேளச்சேரிக்காரர் பிடித்துக்கொண்டார். "பக்கத்து வீட்ல பொணம் கெடக்குது மாமி, ஒருத்தனும் எட்டிப் பாக்கல. எங்க ஏரியால வெள்ளத் தண்ணி வந்தா மொத்த பில்டிங்கும் மொட்டைமாடில ஒண்ணா உக்காந்து சாப்பிடும்."

கடைசி அஸ்திரம் என்னுடையது. "நான் படிச்சதுல அப்பா சொந்தப் பையன் வீட்டுக்குப் போறதுக்கே போன் பண்ணி நாள் கேக்கறார் மாமி. சொல்லாம கொள்ளாம எவனும் எவன் வீட்டுக்கும் போறதே இல்ல. அவங்கள்லாம் மனுஷங்களா?"

மாமி டபராவைக் கீழே வைத்தார். "நெஜமாவா? யாருமே வரமாட்டாளா?"

"செத்தாலும் வரமாட்டாங்க" என்றேன் உற்சாகமாக.

"எத்தனையோ வருஷமா ஒரு புஸ்தகத்த உக்காந்து முழுசாப் படிக்கணும்னு பாக்கறேன். ரெண்டு பக்கம் போறதுக்குள்ள மணி அடிக்கறது. எழுந்து போய் காபி கலக்கறேன். சரி, வரேன்னு பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்."

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். அண்ணாச்சி என்னை முறைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மணி அடிப்பது யார் என்று அங்கே எல்லாருக்குமே தெரியும். "அப்ப நாங்க?" என்று கேட்டே விட்டேன்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அவசியம் ஸ்வீடனுக்கு வரணும். எத்தனை நாள் வேணா இருந்துட்டுப் போ." கொஞ்சம் யோசித்தார். "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணிடு."