சட்டையில் ஒட்டிய அம்பு

எங்கள் ஊரில் ஆரோ ஸ்டிக்கர் இல்லாத வீடு கிடையாது. விரல் நகத்தளவு அம்புக்குறி, ஆரஞ்சு நிறம், சுருளாக வரும். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்கள் தைத்து வந்த துணியை விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டுப்போன இடமோ தென்பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டுவார்கள். ஒட்டிய பீஸ் திரும்பத் தையல்காரரிடம் போகும். அதற்கு ஆல்டர் என்று பெயர். சரிசெய்யவே முடியாதது ரிஜெக்ட். அம்மா, அப்பாவுக்கு அடுத்து இங்கே குழந்தைகள் கற்றுக்கொள்கிற சொற்கள் இவைதான் என்று நான் கேலி செய்வதுண்டு. வேலை முடிந்து வருகிறவர்களின் சேலையிலும் செருப்பின் அடியிலும் ஒட்டிக்கொண்டு இந்த அம்புகள் வீடு வந்து சேரும். கதவிலும் கண்ணாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் எதையோ சுட்டிக் காட்டியபடி கிடக்கும். யாரும் பொருட்படுத்துவதில்லை.

நானும் பொருட்படுத்தியதில்லை, அதைப் பிள்ளைகள் மேல் ஒட்டும்வரை.

நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சேவூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து போகிறவள். பள்ளியின் ஒரு பக்கம் நிட்டிங் கம்பெனி. இன்னொரு பக்கம் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் நடத்தி என் தொண்டை தகரம்போல் ஆகிவிட்டது. ஆனாலும் அது சந்தோஷமான பள்ளிக்கூடமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டார்கள், நாங்களும் சத்தம் போட்டோம். மதியம் ஆசிரியர் அறையில் கணக்கு சார் யாரையாவது கலாய்க்காமல் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார். பெரும்பாலும் அகப்படுவது என் வெண்டைக்காய்ப் பொரியல்தான்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்த வருடம் புதிய தலைமையாசிரியர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விடிவதற்குள் வந்து கேட்டைத் திறந்து வைப்பார். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தானே மோட்டார் அறைக்கு ஓடுவார். தேர்ச்சி ஏன் குறைந்தது என்று, வந்த புதிதிலேயே மேலிடத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டிருந்தார்கள். அந்தச் சூடு அவருக்குள் தணியவே இல்லை.

முதல் பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசினார். "உங்க கம்பெனியில பீஸ் எப்படிங்க சுத்தமா வெளிய போகுது? குறை எங்கனு ஒட்டிக் காட்டறதாலதானுங்க? பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி பண்ணினா என்னங்க?"

கூட்டம் சிரித்தது. பிறகு கை தட்டியது. ஒரு அப்பா எழுந்து, "ஒட்டுங்க சார். குறை தெரிஞ்சாத்தானுங்க சரி பண்ண முடியும்" என்றார். முன்வரிசையில் இருந்த கம்பெனி முதலாளி ஒருவர், "ஸ்டிக்கர் நான் தர்றனுங்க" என்றார். அதற்கும் ஒரு கைதட்டல். வேறு ஊராக இருந்தால் பெற்றோர் சண்டைக்கு வந்திருப்பார்கள். இங்கே காலை முதல் மாலை வரை அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை. யாருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் முதல் காலைப் பிரார்த்தனையில் அவர் வரிசைக்குள் நடப்பார். சட்டைப் பையில் ஸ்டிக்கர் சுருள். தலை வாராதவர்களுக்குத் தோளில், நகம் வெட்டாதவர்களுக்குப் புறங்கையில், தாமதமாக வந்தவர்களுக்குச் சட்டைக் கையில், மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மார்பில். சாயங்கால மணி அடிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பையன்கள் ஒருவரையொருவர் "டேய் ஆல்டரு" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு தினமும் ஒட்டப்படுகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தாங்களாகவே போய் உட்கார்ந்தார்கள். "ரிஜெக்ட்டு" என்கிற பெயர் அப்போதுதான் வந்தது. அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறையும் மாறியது. எந்த வகுப்பில் அதிக ஸ்டிக்கர் என்று தலைமையாசிரியர் சாயங்காலம் கேட்பார். அந்த வகுப்பாசிரியர் அவர் அறையில் போய் நிற்க வேண்டும். பிரார்த்தனைக்கு முன்பே நாங்கள் எங்கள் பிள்ளைகளின் நகத்தையும் தலையையும் போலீஸ்போலப் பார்க்க ஆரம்பித்தோம். பக்கத்து வகுப்பில் அதிகமாக இருந்தால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கணக்கு சார் தன் மேஜையிலேயே தனியாகச் சாப்பிட்டார். என் வெண்டைக்காய் பிழைத்தது. ஒரு நாள் பஸ் பஞ்சராகி நான் தாமதமாகப் போனேன். என் மேஜையில் ஓர் அம்பு, நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"இது துணி இல்லீங்க சார்" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ரிசல்ட் வரட்டும், நீங்களே சொல்லுவீங்க" என்றார், சாந்தமாக. எனக்குக் கத்துகிறவர்களிடம் சண்டை போடத் தெரியும். சாந்தமானவர்களிடம் தெரியாது.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கையெழுத்து, சந்தேகம் வந்தால் கேட்காமல் விடாத வாய். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அம்மாவும் அவளும் மட்டும் லைன் வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்கு செக்கிங் வேலை. கம்பெனி வேன் சீக்கிரம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்த லைனில் குழாய்த் தண்ணீர் திறப்பார்கள். குடத்தோடு வரிசையில் நின்று பிடித்து வைத்துவிட்டு இவள் ஓடி வருவதற்குள் பிரார்த்தனை தொடங்கியிருக்கும். அதனால் அனேகமாக எல்லா நாளும் சட்டைக் கையில் அம்போடு இருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் அதைப் பார்த்த அம்மா, தன் கம்பெனி ஸ்டிக்கர்தான் துணி துவைக்கையில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து உரித்துப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒட்டியது என்று மகள் சொன்னதும் மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"எம்புள்ள மேல எதுக்கு டீச்சர் ஒட்டுறீக? நான் நாள் பூரா அதத்தான ஒட்டுறேன். எனக்குத் தெரியாதா அது எதுக்குன்னு?" என்றார். அவரே பிறகு தணிந்து, "பத்தாவது முடிச்சு மேல படிக்கட்டும் டீச்சர். நின்னு நின்னு என் காலு வீங்கிப்போச்சு. இவ மட்டும் அந்த டேபிள்ல வந்து நிக்கக் கூடாது" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதன்பின் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்தேன். உள்ளே வந்ததும் எல்லோரும் ஸ்டிக்கரை உரித்து பெஞ்சுக்கு அடியில் ஒட்டிவிட வேண்டும். பாடம் முடிந்ததும் எடுத்து மறுபடி சட்டையில். அந்த ஒரு மணி நேரம் வகுப்பு பழையபடி இரைந்தது. அந்தப் பெண் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்து உட்காருவாள். இதயத்துக்கு ஏன் நான்கு அறை, மூன்று போதாதா என்று கேட்டு என்னைத் திணறடிப்பாள். என்ன ஒரு சிக்கல் என்றால், உரித்து உரித்து ஒட்டியதில் பசை போய்விடும். சட்டையில் நிற்காது. தலைமையாசிரியர் கண்ணில் பட்டால் வம்பு. அதற்காக மதிய டிபனில் நாலு பருக்கை சோற்றை மிச்சம் வைத்து, அதை நசுக்கித் தடவி ஒட்டிக்கொண்டார்கள். தங்கள் மேல் குத்தப்பட்ட குறியைச் சோற்றை வைத்து ஒட்டிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிச் சூழல் எப்படி இருக்கிறது என்று மாணவர்களையும் ஆசிரியர்களையும் நேரில் கேட்டுப் போக வந்தவர். அன்று யாருக்கும் ஸ்டிக்கர் இல்லை. அத்தனை சட்டையும் துவைத்துப் போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. மைதானத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, "உங்க பள்ளிக்கூடம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்குங்க சார்" என்றது மொத்தக் கூட்டமும்.

எங்கள் ஊர் மரியாதை அப்படி. கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் ஒரு 'ங்க' போட்டு நல்லாருக்கு என்றுதான் சொல்வோம். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி முகம் மாறி, மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கணக்கு சார்தான் மெல்ல எழுந்தார். "அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க சார். சும்மா ஒரு ஊக்கத்துக்குத்தானுங்க" என்றார். என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு வரிசையில் அந்தப் பெண் பாதி எழுந்ததைப் பார்த்தேன். அவர் பேசி முடித்ததும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி போன மறுநாள் எனக்குப் புதிய கால அட்டவணை வந்தது. இனி ஆறாம், ஏழாம் வகுப்புகள் மட்டும். பெஞ்சுகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் திரும்ப எடுக்காமல் விட்ட ஆரஞ்சு அம்புகள் அடியில் அப்பிக் கிடந்தனவாம். பத்தாம் வகுப்புக்கு வேறு ஆசிரியர் வந்தார். அங்கே யாரும் எதையும் உரிக்கவில்லை.

சில நாள் கழித்து கேட்டருகே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அன்று லைனில் தண்ணீர் வராத நாள். அவள் தாமதமாக வரவில்லை, மற்ற பிள்ளைகள் யாருமே இன்னும் வந்திருக்கவில்லை. ஆனால் சட்டைக் கையில் ஓர் அம்பு. தோளில் ஒன்று. மார்பில் ஒன்று.

"யாரு கண்ணு ஒட்டினது?"

"நானேதானுங்க டீச்சர். அம்மா பையில கிடந்துச்சு. எப்படியும் ஒட்டத்தானுங்க போறாங்க. எல்லார் முன்னாடியும் நின்னு ஒட்டிக்கறதுக்கு ஊட்லயே ஒட்டிட்டு வந்தா ஒண்ணும் தெரியறதில்லீங்க."

ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன். அவள் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். தேம்பி அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். தலைமையாசிரியரிடம் கேட்டேன். "ஆள் அனுப்பிச் சொல்லியாச்சுங்க டீச்சர். வந்தா வரட்டும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் சரிந்து, தேர்ச்சி சந்தேகமாகிவிட்டவர்களில் ஒருத்தி குறைந்தாள் என்கிற நிம்மதியும் கலந்திருந்தது. அந்த நிம்மதி எனக்குப் புதிதல்ல. பக்கத்து வகுப்பில் அதிகமாக ஒட்டப்பட்ட நாட்களில் எங்கள் எல்லோருக்கும் அது இருந்தது.

லைன் வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரம்மா கம்பெனிக்கு வழி சொன்னார். நான் போனது டீ நேரம். கேட்டுக்கு வெளியே பேக்கரி வாசலில் பெண்கள் கூட்டமாக டீயும் பன்னுமாக நின்றார்கள். மகளும் அம்மாவும் சேர்ந்தே நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"எவ்வளவோ சொன்னேன் டீச்சர். கால்ல விழாத குறை. போகவே மாட்டேங்கிறா. வீட்ல தனியா விட்டுட்டு வரப் பயமா இருந்துச்சு. அதான் கூடவே கூட்டியாந்தேன்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இத்தனை மாதம் பார்க்காத சிரிப்பு. வணக்கம் சொன்னாள், எனக்கும் ஒரு டீ சொன்னாள். இடது மணிக்கட்டில் வளையல்போல ஸ்டிக்கர் சுருளை மாட்டியிருந்தாள்.

"உன் பேர் பரீட்சைக்குப் போயிருக்கு கண்ணு. ஹால் டிக்கெட் வரும். பாடத்தை நான் சாயங்காலம் உங்க வீட்டுக்கே வந்து சொல்லித் தர்றேன். பரீட்சைக்கு மட்டும் வா" என்றேன்.

"அன்னிக்கு ஒட்டுவாங்களா டீச்சர்?"

மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இங்க நல்லாருக்குங்க டீச்சர்" என்றாள். "இங்க துணி மேல மட்டுந்தானுங்க ஒட்டறோம்."

இந்த முறை அந்த 'நல்லாருக்குங்க' மரியாதைக்குச் சொன்னதல்ல. அதைக் கேட்டு அவள் அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. பெண்கள் டீ கிளாஸ்களை வைத்துவிட்டுக் கேட்டை நோக்கி நகர்ந்தார்கள். அவள் மட்டும் நகரவில்லை. வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"போகட்டுங்களா டீச்சர்?"

பிள்ளைகள் இப்படிக் கேட்டால் அனுமதி கொடுத்து இத்தனை வருடப் பழக்கம். என்னையறியாமல் சரி என்று தலையாட்டிவிட்டேன்.